சப்ஸ்கிரைபர் இருக்கிறார்கள், பார்ப்பவர்தான் இல்லை: வீடியோ சேனலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக யூடியூப் சேனல் தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்பவை இரண்டு கேள்விகள். எத்தனை மணிக்கு வீடியோ போட்டால் வியூஸ் வரும்? என்னென்ன டேக் (வீடியோவுடன் சேர்க்கும் குறிச்சொல்) போட வேண்டும்? இரண்டுமே கிட்டத்தட்ட வீண் கவலை. தலைப்பில் உள்ள சொல்லை மக்கள் பிழையாகத் தட்டித் தேடும் வாய்ப்பு இருந்தால் டேக் கொஞ்சம் கைகொடுக்கும், மற்றபடி அதன் பங்கு மிகச் சிறியது என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. வெளியிடும் நேரமும் அப்படித்தான். நேரலைக்கும், குறித்த நேரத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் பிரீமியருக்கும் நேரம் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. சாதாரண வீடியோவைப் பொறுத்தவரை நாலு மணியா ஆறு மணியா என்பது நாளடைவில் பெரிய வித்தியாசம் எதையும் செய்வதில்லை. ஆனாலும் இந்தக் கேள்விகள் ஓய்வதில்லை. டேக்கை மாற்றுவது சுலபம், வீடியோவை மாற்றுவதுதான் கஷ்டம்.

இதைவிடக் கெடுதலான குறுக்குவழி ஒன்று உண்டு: ‘நீங்கள் எனக்கு சப்ஸ்கிரைப் பண்ணுங்கள், நான் உங்களுக்குப் பண்ணுகிறேன்’ என்கிற கொடுக்கல் வாங்கல். யூடியூப் விதிகள் இதைத் தடை செய்கின்றன. சரி, விதியை விடுங்கள், கணக்குப் போட்டாலே இது உதவாது என்பது தெரிந்துவிடும். வழக்கமான நீள வீடியோக்களில் விளம்பர வருமானம் பெற 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். முதல் எண்ணை நண்பர்கள், உறவினர்கள், வாட்ஸ்அப் குழுக்களின் தயவில் எட்டிவிடலாம். இரண்டாவது? 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 3 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 80,000 வியூஸ் தேவை. தயவுக்காகச் சேர்ந்தவர் அதில் எத்தனை தருவார்? உங்கள் வீடியோ அவர் கண்ணில் பட்டாலும் தாண்டிப் போய்விடுவார். யார் கிளிக் செய்தார்கள், யார் தாண்டிப் போனார்கள், எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள் என்பதைத்தான் பரிந்துரைக்கும் அமைப்பு கவனிக்கிறது.

2012 வரை யூடியூப் பரிந்துரைகளில் வியூஸ் எண்ணிக்கைக்கே முதலிடம். அந்த ஆண்டுதான் பார்க்கப்பட்ட நேரத்துக்கு முன்னுரிமை தரும்படி அமைப்பை மாற்றினார்கள். வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலை அதிர்ச்சியாகப் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாத வீடியோவை ஓட்டுகிற தந்திரம் அன்றைக்கே பலம் இழந்துவிட்டது. ஆனால் அதை இன்னும் கற்றுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்! உள்ளடக்கத்தில் இல்லாததைத் தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ காட்டி ஏமாற்றுவது விதிமீறல், அதற்காக வீடியோ நீக்கப்படவும் கூடும்.

என்னைக் கேட்டால், நல்ல விஷயம் கையில் இருந்தும் ஆள் சேராத சேனல்கள் பலவும் அடிவாங்குவது முதல் அரை நிமிடத்தில். சேனல் நடத்துபவருக்கான யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரைபடம் இருக்கும். எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அது காட்டும். வீடியோ தொடங்கியதுமே அந்தக் கோடு செங்குத்தாக இறங்கினால் காரணத்தை வெளியில் தேட வேண்டாம். லோகோ சுழலும் அனிமேஷன், வணக்கம், சேனல் பெயர், போன வீடியோவுக்குக் கிடைத்த ஆதரவுக்கு நன்றி, ‘வீடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்த பெல் பட்டனை அழுத்திடுங்க’. வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கிறது இது.

கழன்ற சைக்கிள் செயினை மாட்டுவது எப்படி என்று ஒரு வீடியோ எடுக்கிறீர்கள். அதைத் தேடி வருகிறவர் அநேகமாக அந்த நேரத்தில் சைக்கிளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார், கையெல்லாம் கிரீஸ். சைக்கிள் ஓட்டுவதால் உடலுக்கு என்ன நன்மை என்று அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? தொங்குகிற செயினை முதல் காட்சியிலேயே காட்டுங்கள். ‘இதை மாட்டக் கருவி எதுவும் வேண்டாம், முதலில் பின் கியரை இந்தப் பக்கம் தள்ளுங்கள்’ என்று தொடங்குங்கள். தலைப்பைப் பார்த்து வந்தவருக்குச் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்பது ஐந்து நொடியில் புரிந்துவிடும். சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வதில் தப்பில்லை, செயின் மாட்டி முடித்த பிறகு சொல்லுங்கள். அப்போது அவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

இதற்காக நொடிக்கு நொடி வெட்டி, காதைத் துளைக்கும் இசையைப் போட்டு, கத்திப் பேச வேண்டும் என்று அர்த்தமில்லை. பெரிய சேனல்காரர்களின் பாணியை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஒரு தவறுதான். அவர்கள் முகத்துக்காகவே காத்திருக்கும் கூட்டம் அவர்களுக்கு உண்டு, இரண்டு நிமிடம் வெட்டிப்பேச்சு பேசினாலும் தாங்கும்.

அதே வரைபடத்தில் நடுவே கோடு திடீரென மேலே எழும்பினால் அந்த இடத்தை மக்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று பொருள். விளக்கம் புரியாமலும் இருக்கலாம், மிகவும் பிடித்துப்போயும் இருக்கலாம். அதற்குத் தனி வீடியோவே போடலாம். பள்ளம் விழுந்தால் அங்கே தாண்டிப் போகிறார்கள். அடுத்து என்ன எடுக்கலாம் என்று வெளியே விசாரிப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

கேமராவில் பணத்தைக் கொட்டிவிட்டு ஒலியைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் ஏராளம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், எதிரொலிக்கும் குரலைப் பொறுக்க மாட்டார்கள். மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தம்ப்நெயிலைப் பெரிய திரையில் வடிவமைத்துவிட்டு அங்கேயே பார்த்துத் திருப்திப்படக் கூடாது. பெரும்பாலும் அது போனில் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் தெரியும். தலைப்பில் உள்ள வாக்கியத்தையே படத்திலும் எழுதுவது இடத்தை வீணடிப்பது. வலது கீழ் மூலையில் வீடியோவின் நீளம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அங்கே முக்கியமான எதையும் வைக்காதீர்கள். தலைப்புக்கு 100 எழுத்துவரை இடம் உண்டு என்றாலும் போனில் பின்பாதி வெட்டுப்படும். தேடும் சொல் முன்பாதியில் இருக்கட்டும்.

அப்புறம் கிளிக் விகிதம். தம்ப்நெயில் காட்டப்பட்ட 100 முறையில் 4 முறைதான் கிளிக் ஆகியிருக்கிறது என்று பார்த்ததும் பலர் கலங்கிப்போகிறார்கள். யூடியூபில் பாதி சேனல்கள், பாதி வீடியோக்களுக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று நிறுவனமே சொல்கிறது. இன்னொன்று, வீடியோ உங்களைத் தெரியாதவர்களிடமும் பரவத் தொடங்கும்போது விகிதம் இறங்குவது இயல்பு. வியூஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது விகிதம் குறைகிறதே என்று தம்ப்நெயிலை மாற்றுவது தேவையில்லாத வேலை.

ஷார்ட்ஸ் என்கிற குறு வீடியோக்கள் பற்றிய குழப்பம் தனி ரகம். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணி நேரக் கணக்கில் சேராது. அதற்கு வேறு அளவு: 90 நாட்களில் 1 கோடி வியூஸ். தவிர, 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் வெளியே தெரியும் அந்த வியூஸ் எண்ணுக்குள் இருக்கிறார், ஆனால் 1 கோடிக் கணக்கில் அவர் சேர மாட்டார். ஷார்ட்ஸ் போடவே கூடாது என்பதில்லை, அங்கே வருகிற கூட்டம் உங்கள் பதினைந்து நிமிட வீடியோவுக்கும் வந்துவிடும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. ‘லிங்க் டிஸ்கிரிப்ஷனில்’ என்று ஷார்ட்ஸில் இன்னமும் சொல்கிறார்கள். 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து அங்கே போடும் இணைப்புகளை அழுத்தினால் எதுவும் திறக்காது. நீள வீடியோவுக்கு ஆளை அனுப்ப, ‘தொடர்புடைய வீடியோ’ என்ற வசதியில் அதை இணைக்க வேண்டும்.

தினம் ஒரு வீடியோ என்று சபதம் எடுத்து மூன்றாம் வாரம் மூச்சு வாங்குவதை விட, வாரம் ஒன்று நன்றாகச் செய்யலாம்.

கடைசியாக, ஓடாத பழைய வீடியோக்களை அழிப்பது. சேனல் சுத்தமாகத் தெரியும் என்று நினைத்துச் செய்கிறார்கள். அழித்தாலும் பிரைவேட் ஆக்கினாலும் அந்த வீடியோ சேர்த்த பார்வை நேரம் 4,000 மணிக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். தேடலில் வருகிற வீடியோக்கள் பல மாதம் தூங்கிவிட்டுப் பிறகு எழுவதும் உண்டு. விஷயம் சரியாக இருந்தால் தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்றிப் பாருங்கள். வீடியோவின் முகவரியும் இதுவரை வந்த வியூஸும் அப்படியே இருக்கும். மாற்றும் முன் பழைய கிளிக் விகிதத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.