பிஎச்.டி. பண்ணலாமா என்று யோசிப்பவர்களுக்கு

கைடு (ஆய்வு வழிகாட்டி) தேடக் கிளம்புவதற்கு முன்னால், பட்டம் வாங்கிய அடுத்த மாதம் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். "காலேஜில் வாத்தியார் வேலை" என்று எழுதியிருந்தால், அதற்கு பிஎச்.டி. கட்டாயமா என்று ஒருமுறை பாருங்கள். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகச் சேர 2021 ஜூலை முதல் பிஎச்.டி. கட்டாயம் என்று 2018இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி போட்டது, அப்புறம் 2023 வரை தள்ளிப்போட்டது, கடைசியில் 2023 ஜூலையில் நெட், செட், ஸ்லெட் என்ற தகுதித் தேர்வுகளில் ஏதாவது ஒன்று போதும், பிஎச்.டி. இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்று முடித்துக்கொண்டது. நடுவில் பயந்துபோய் அவசரமாகப் பதிவு செய்தவர்கள் பாவம். ஆனால் இணைப் பேராசிரியராக உயர இன்னமும் பிஎச்.டி. வேண்டும்.

கம்பெனி வேலை என்றால் கணக்கே வேறு. அமெரிக்காவில் பிஎச்.டி. பேராசிரியர்களை உருவாக்கும் படிப்பாகவே வளர்ந்தது. இன்று அங்கே பொறியியலில் முடிப்பவர்களில் பெரும்பாலோர் தொழில்துறைக்குத்தான் போகிறார்கள். சீனாவில் 2025 ஜனவரியில் வந்த பட்டச் சட்டப்படி, தொழில்சார் முனைவர் பட்டத்துக்குத் தீசிஸுக்கு (ஆய்வேட்டுக்கு) பதில் செயல்முறைச் சாதனையையே காட்டலாம்.

வெளிநாடு போவதென்றால் அந்த நாட்டில் உங்களை மாணவராகப் பார்க்கிறார்களா, ஊழியராகவா என்று கேளுங்கள். நெதர்லாந்தில் பெரும்பாலும் அது வேலை: காலியிட விளம்பரம், இன்டர்வியூ, சம்பளம், விடுமுறை எல்லாம் உண்டு. ஜெர்மனியில் நேராகப் பேராசிரியருக்கே மெயில் போடலாம், ஆனால் ஒப்பந்தத்தில் 65 சதவீத வேலை, 50 சதவீத வேலை என்றெல்லாம் இருக்கும், சம்பளமும் அந்த அளவுக்குத்தான், வேலை மட்டும் முழு நேரம். அமெரிக்காவில் முதுகலை இல்லாமலும் பல துறைகளில் சேரலாம், ஆனால் பாடம், தகுதித் தேர்வு எல்லாம் தாண்டி முடிக்க ஐந்தாறு வருடம் ஆகும்.

நம் ஊரிலேயே என்றால் கைடுதான் எல்லாம், அதனால் இதற்கு நேரம் செலவழியுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ்கள் வரும். சில பதிவுகளில் சேர்ந்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும், எத்தனை வருடம் இழுத்தது என்று தெரிந்துவிடும். நாலு தீசிஸின் தலைப்பிலும் பொருளின் பெயர் மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். யுஜிசியின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் ஆய்வு மாணவர்களாகப் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம், ஓய்வுபெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது.

அப்புறம் அவருடைய ஸ்காலர்களை (ஆய்வு மாணவர்களை) துறைக்கு வெளியே, ஒரு டீக்கடையில் பிடியுங்கள். "சார் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. பேப்பரில் (ஆய்வுக் கட்டுரையில்) முதல் பெயர் யாருக்குப் போகிறது, ஃபெல்லோஷிப் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சார் வீட்டு வேலை ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.

பணம்: நெட் தேர்வு வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அதன் அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. இரண்டும் 2023 ஜனவரியிலிருந்து வந்த தொகை. இல்லாவிட்டால் ஆறு வருடம் வரை வீட்டில் யார் தாங்குவார்கள் என்பதை இப்போதே பேசிவிடுங்கள். நெட் மதிப்பெண்ணை வைத்து பிஎச்.டி. மட்டும் சேர்வதாக இருந்தால் அது ஒரு வருடம்தான் செல்லும்.

தீசிஸ் கொடுக்க ஜர்னல் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது, ஆனாலும் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், சேரும்போதே அதன் விதிமுறையை வாங்கிப் படியுங்கள். "ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) பேப்பர் கியாரண்டி" என்று வாட்ஸப்பில் வரும் நம்பரை மட்டும் பிளாக் பண்ணிவிடுங்கள்.