பூட்டானில் டென்னிஸ் வளர்க்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூட்டானில் சமதளம் கிடைப்பது அரிது. நாட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் காடு. குறைந்தது 60 சதவீதம் எப்போதும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. மீதியிலும் பெரும்பகுதி சரிவு. பள்ளத்தாக்கின் அடியில் கொஞ்சம் தட்டையான நிலம் இருந்தால் அங்கே ஏற்கெனவே ஊரோ நெல் வயலோ இருக்கும். இப்படிப்பட்ட நாட்டில் டென்னிஸை மக்களிடம் கொண்டுபோக நினைக்கும் பலரும், முதல் வேலையாக ஒரு முழு அளவு கோர்ட்டைக் கட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். பெரிய தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

முழு கோர்ட்டுக்குச் சுற்று இடத்தையும் சேர்த்து ஏறத்தாழ 36.5 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் வேண்டும். மலையில் அதற்குச் சரிவை வெட்ட வேண்டும், தாங்குசுவர் எழுப்ப வேண்டும், வடிகால் போட வேண்டும். பள்ளத்தைப் பார்த்த பக்கம் உயரமான வேலியும் கட்டாயம், இல்லையென்றால் பந்து போனது போனதுதான். இவ்வளவு செலவு செய்தபின் அதில் ஒரு நேரத்தில் விளையாடப்போவது அதிகபட்சம் 4 பேர். பூட்டானின் மொத்த மக்கள்தொகையே 8 லட்சத்தைத் தொடவில்லை. சின்ன ஊரில் அந்த 4 பேர் சேர்வதே கடினம் என்னும்போது கோர்ட் பூட்டியே கிடக்கும்.

அதே ஊர்ப் பள்ளியில் ஒரு கூடைப்பந்துத் தளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நீளவாக்கில் நடுவே ஒரு கயிற்றை 80 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டுங்கள். நடுவில் தொய்யாமல் இருக்க இரண்டு மூன்று இடங்களில் கம்போ நாற்காலியோ வையுங்கள். கயிற்றின் குறுக்கே 11 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலத்தில் சாக்பீஸால் கோடு போட்டால் சின்னக் கோர்ட்டுகள் மூன்று தாராளமாக வரும், நெருக்கினால் நான்கு. 16 பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம். கயிற்றில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு துணிக் கீற்றைத் தொங்கவிட மறக்காதீர்கள். பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்ற சண்டை அதோடு ஓயும்.

இந்தச் சின்னக் கோர்ட்டில் சாதாரண மஞ்சள் பந்தைக் கொடுப்பது அடுத்த தவறு. சிறுவர்களுக்கென்றே சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று வகை மெதுவான பந்துகள் இருக்கின்றன. சிவப்பு எல்லாவற்றையும்விட மெதுவானது, சின்னக் கோர்ட்டுக்கு உரியது. 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்து கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. சமவெளியிலேயே அது தேவைப்பட்டது என்றால், மலையில் கேட்கவே வேண்டாம்.

மலையில் பந்துக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு வருபவர்களும் சறுக்கும் இடம் இது. தலைநகர் திம்பு சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. வெளியே அழுத்தம் குறைவதால், உள்ளே காற்று அடைத்த பந்து விறைப்பாகி அதிக உயரம் எழும்பும். காற்றும் மெல்லியதாக இருப்பதால் பறக்கும் பந்தின் வேகம் எளிதில் குறையாது. புதிதாக மட்டை பிடித்தவர் அடிக்கும் பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போகும். "எனக்கு இது வராது" என்று அவர் மட்டையைக் கீழே வைத்துவிடுவார். குறை அவர் கையில் இல்லை, பந்தில்தான்.

இதற்கு விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது. 1,219 மீட்டருக்கு மேலே ஆடுவதற்கென்று உயரமான இடங்களுக்கான பந்துகளை அது அனுமதிக்கிறது. ஒன்று, குறைவாக எழும்பும்படி செய்த அழுத்தப் பந்து. இன்னொன்று, உள்ளழுத்தம் இல்லாத பந்து. இந்த இரண்டாவது வகையைப் போட்டி நடக்கும் உயரத்திலேயே 60 நாளாவது வைத்திருந்து பழக்க வேண்டும் என்பது விதி. சமூக டென்னிஸுக்கு என் ஓட்டு அழுத்தமில்லாப் பந்துக்குத்தான். அழுத்தப் பந்து டப்பாவைத் திறந்த சில வாரங்களில் தளர்ந்துவிடும். அழுத்தமில்லாப் பந்தோ மேலே உள்ள ரோமம் தேயும்வரை உழைக்கும். ஒவ்வொரு பந்தும் இந்திய எல்லையிலிருந்து மலையேறி வர வேண்டிய நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. எல்லையில் இருக்கும் புன்ஷோலிங் 300 மீட்டர் உயரம்கூட இல்லை. சாதாரணப் பந்து அங்கே நன்றாகவே எழும்பும். அதைப் பார்த்துவிட்டு, அதே பெட்டியைத் திம்புவுக்கு ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்.

அப்புறம், ஊரில் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் விளையாட்டைக் கவனிக்காமல் விடுவது. பூட்டானின் தேசிய விளையாட்டு வில்வித்தை. 1984-ல் முதன்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனதிலிருந்து 2008 வரைக்கும் அந்த நாட்டிலிருந்து போனவர்கள் எல்லாரும் வில்வித்தைக்காரர்களே. ஆனால் நமக்குப் பாடம் ஒலிம்பிக்கில் இல்லை, ஊர் மைதானத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 145 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சின்ன இலக்குப் பலகைகள். அம்பு பட்டால் அந்த அணியே கூடிப் பாடி ஆடும். குறி வைப்பவரை எதிரணி வாயாலேயே கலைக்கப் பார்க்கும். சாப்பாடு இருக்கும், குடும்பங்கள் வந்து உட்கார்ந்திருக்கும், நாள் முழுக்க நடக்கும்.

இப்படிப் பழகிய மக்களிடம் போய், "ஒருவருக்கு ஒருவர், அமைதியாக இருங்கள், தோற்றால் வீட்டுக்குப் போங்கள்" என்று முதல் சுற்றிலேயே பாதிப் பேரை வெளியே அனுப்பும் போட்டியை வைத்தால் எப்படி ஒட்டும்? அணியாக ஆடவிடுங்கள். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, அப்பா மகள் ஜோடி, ஆசிரியர் மாணவர் ஜோடி என்று எதுவும் சரி. முழு செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக் (இரண்டு புள்ளி முன்னிலையோடு முதலில் 10 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி) வைத்தால் ஓர் ஆட்டம் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடியும், எல்லாருக்கும் பலமுறை வாய்ப்பு வரும். பாடினால் பாடட்டும். அமைதி விம்பிள்டனுக்கு இருக்கட்டும்.

போட்டிகளையெல்லாம் தலைநகரில் வைப்பதும் ஆளைக் குறைக்கும். கிழக்கே டிராஷிகாங்கிலிருந்து திம்புவுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. ஒரு சிறுமி இரண்டு ஆட்டம் ஆடுவதற்காக ஒரு குடும்பம் அவ்வளவு தூரம் வராது, வரச் சொல்லவும் கூடாது. பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களைச் சேர்த்து, ஒரே நாளில் போய்த் திரும்பும்படி வையுங்கள்.

பயிற்சி தரும் ஆளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பள்ளிக்கு ஓர் ஆசிரியரைத் தேர்ந்து நன்றாகப் பயிற்சி கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அவருக்கு மாற்றல் வரும். சமீப ஆண்டுகளில் பூட்டானில் நிறைய ஆசிரியர்கள் வேலையை விட்டு ஆஸ்திரேலியா போயிருக்கிறார்கள். அவர் போனதும் மட்டைகள் அலமாரிக்குள் போய்விடும். பள்ளிக்கு இரண்டு பெரியவர்கள், கூடவே மேல்வகுப்பு மாணவர்கள் நாலைந்து பேர் என்று பழக்குங்கள். சிவப்புப் பந்துப் பயிற்சியை நடத்தப் பெரிய ஆட்டக்காரராக இருக்கத் தேவையில்லை.

பெண் பிள்ளைகள் வரவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் முதலில் உடையைப் பார்க்க வேண்டும். பள்ளிச் சீருடை கிரா, கணுக்கால் வரை நீளும். அதைக் கட்டிக்கொண்டு பந்தைத் துரத்த முடியாது. உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் பத்து நிமிட நேரமும் ஒதுக்குங்கள். பெண் பயிற்சியாளர் ஒருவராவது இருக்கட்டும்.

நேரத்தைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். பள்ளத்தாக்குகளில் மதியத்துக்கு மேல் காற்று வீசத் தொடங்கும். பாரோ விமான நிலையத்தில் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம். காற்று அதிகமுள்ள மாதங்களில் பள்ளி விட்டபின் பயிற்சி வைத்தால் பந்து ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்றாகும். காலையில் வையுங்கள், முடியாவிட்டால் கட்டடத்தின் மறைவில் வையுங்கள்.

குளிர்காலத்தை மொத்தமாக விட்டுவிடுவது கடைசித் தவறு. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை பள்ளி விடுமுறை. திம்புவில் இரவில் உறைபனி. ஆனால் மழை இல்லாத, வெயில் நன்றாக அடிக்கும் காலமும் அதுதான். நாட்டின் மைய மடாலயத் துறவிகள் ஆண்டுதோறும் குளிருக்குத் திம்புவிலிருந்து புனாகாவுக்கு இறங்கிவிடுகிறார்கள். விடுமுறை முகாமையும் அங்கேயே வைக்கலாம். புனாகா சுமார் 1,200 மீட்டர் உயரம்தான். திம்புவிலிருந்து தோச்சுலா கணவாய் வழியாகச் சில மணி நேரப் பயணம். மேலே பழகிய பிள்ளைகளுக்கு அங்கே பந்து வேறு மாதிரி எழும்பும் என்பதால், முதல் நாள் புள்ளிக் கணக்கு வேண்டாம், சும்மா தட்டி ஆடட்டும்.