1495-ஐத் திருத்தி எழுதுவது எப்படி

மாற்று வரலாறு, அதாவது நடந்ததில் ஒன்றை மாற்றிவைத்துப் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லும் கதை, எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக யாரையாவது கொன்றுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் சாக வேண்டியவரைப் பிழைக்க வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

மைன்ஸ் நகரப் பேராயர் பெர்த்தோல்ட் வான் ஹென்னபெர்க் 1504-இல் காலமானார். இன்றைய ஜெர்மனியை நடுவாகக் கொண்ட, புனித ரோமப் பேரரசு என்ற பெரிய பெயருக்குள் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடந்த நிலப்பரப்புக்குப் பொதுவாக ஒரு நீதிமன்றம், ஒரு வரி, ஓர் ஆட்சி மன்றம் வேண்டும் என்று போராடியவர் அவர். அவருக்கு இன்னும் பத்து ஆண்டு ஆயுளைக் கொடுத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதிய பிறகுதான் உறைத்தது: அவர் பாடுபட்டு உண்டாக்கிய ஆட்சி மன்றம் 1502-இலேயே கலைந்துவிட்டது. கடை மூடிய பிறகு முதலாளிக்கு ஆயுள் கூடி என்ன பயன்? பன்னிரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின.

நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள் அல்லள். பட்டர்வொர்த்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். ஆனால் இந்த விஷயத்தில் கணக்கு எழுதினவளுக்கு ஒரு வசதி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று: பேரரசரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நம்முடைய மலேசிய வாசகருக்கு அதிகம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். தமிழ்நாட்டு வாசகர் வியக்கலாம். நமக்கு 9 மாநில ஆட்சியாளர்கள் கூடி 5 ஆண்டுக்கு ஒருமுறை மாமன்னரைத் தேர்ந்தெடுப்பது பழகிப்போன செய்தி. அங்கே 1356-ஆம் ஆண்டின் பொன் முத்திரை ஆணைப்படி தேர்வாளர்கள் 7 பேர்: மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள் மூவர், பொஹேமியா, பாலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள் நால்வர். தேர்ந்தெடுத்தால் ஆயுள் முழுவதற்கும். பினாங்குக்குச் சுல்தான் இல்லை, ஆளுநர்தான். அவருக்கு மாமன்னர் தேர்தலில் வாக்கு கிடையாது. அங்கேயும் நியூரம்பெர்க் போன்ற நகரங்கள் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்டிருந்தன, பணமும் வைத்திருந்தன, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு மட்டும் இல்லை. நியூரம்பெர்க் வணிகர் ஒருவரின் முணுமுணுப்பை எழுத வேண்டி வந்தால் ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். சுருதி கிடைத்துவிடும்.

அடுத்து, நடந்ததை நடந்தபடியே ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அரசர் பெயர்களைவிடப் பணம் எங்கிருந்து எங்கே போனது என்பதற்கு அதிக இடம் கொடுங்கள். என்னுடைய பக்கம் இப்படி இருந்தது. 1494-இல் பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் படையோடு நுழைந்தார். பேரரசை ஆண்ட மாக்ஸிமிலியான் மன்னருக்கு அவரை எதிர்க்கப் பணம் வேண்டியிருந்தது. 1495-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசின் ஆட்சியாளர்களும் நகரங்களும் கூடும் பேரவை கூடியது. 'சீர்திருத்தம் முதலில், பணம் பிறகு' என்று பெர்த்தோல்டும் அவரோடு நின்றவர்களும் பிடிவாதம் பிடித்தார்கள். பல மாதப் பேரத்துக்குப் பின் ஆகஸ்டில் உடன்பாடு வந்தது. பிரபுக்கள் ஆளுக்கொரு பகைக்காகச் சொந்தப் போர் நடத்துவது என்றைக்குமாகத் தடை செய்யப்பட்டது. அரண்மனைக்கு வெளியே தனி நீதிமன்றம் அமைந்து அதே அக்டோபரில் பிராங்க்பர்ட்டில் உட்கார்ந்தது. செலவுக்குப் 'பொதுக்காசு' என்ற வரி, 4 ஆண்டுகளுக்கு. 1,000 குல்டன் (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) சொத்துள்ளவருக்கு 1 குல்டன், 500 உள்ளவருக்கு அரை. அதற்கும் கீழே உள்ளவர்களில் 15 வயது தாண்டிய 24 பேர் சேர்ந்து 1 குல்டன். வசூலிக்க வேண்டியவர் ஊர்ப் பாதிரியார்.

வரி வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. நீதிமன்றமே பணமில்லாமல் இடையிடையே நின்றுபோனது.

கணக்கு எழுதினவளின் வசதி என்றேன் அல்லவா, அது இங்கேதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் எங்கள் குடியிருப்பின் சார்பில் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். ஓர் ஆண்டு நான் பொருளாளர். கூட்டத்தில் வீட்டுக்கு 30 வெள்ளி என்று எல்லாரும் கை தூக்கினார்கள். யார் போய் வாங்குவது என்று எவரும் கேட்கவில்லை. கோயிலில் உண்டியல் வைத்தால் போதும் என்றார் தலைவர். பூசத்துக்கு முந்தைய வாரம் உண்டியலைத் திறந்தால் மோர் வாங்கக்கூடப் பணம் இல்லை. கை தூக்கியவர்களில் பொய்யர் எவரும் இல்லை. வாசலில் வந்து நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான். வோர்ம்ஸ் பேரவையைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த உண்டியல்தான்.

ஆகவே, எந்த இடத்தில் வரலாற்றைத் திருப்புவது? மனத்தில் தோன்றும் முதல் இரண்டு யோசனைகளையும் சந்தேகப்படுங்கள். 'சார்லஸ் இத்தாலிக்குப் போகவில்லை' என்று வைத்தால் மாக்ஸிமிலியானுக்கு நெருக்கடி இல்லை. நெருக்கடி இல்லாத மன்னர் சீர்திருத்தத்துக்குக் காது கொடுப்பாரா? கதை தொடங்கும் முன்பே செத்துவிடும். 'சுவிஸ்காரர்களை 1499 போரில் மாக்ஸிமிலியான் வென்றார்' என்பது இன்னும் கவர்ச்சியானது. அவர்கள் புதிய வரியையும் நீதிமன்றத்தையும் ஏற்க மறுத்தவர்கள்தாம். ஆனால் அந்தப் போரில் அவர் தோற்றுத் தளர்ந்திருந்ததால்தான் 1500-இல் ஆக்ஸ்பர்க்கில் 20 பேர் கொண்ட ஆட்சி மன்றத்துக்குத் தலையசைத்தார். வென்றிருந்தால் பெர்த்தோல்டை ஏறிட்டும் பார்த்திருக்கமாட்டார். மன்னர் தளர்ந்தால்தான் சீர்திருத்தம் பிறக்கிறது. தளர்ந்த மன்னரின் பேரில் வரும் வரியை யாரும் கட்டுவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்காத எந்தக் கதையும் வெறும் படை அணிவகுப்பு.

நான் பின்பற்றும் வழி இது: புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்காதீர்கள். பின்னால் வந்ததை முன்னால் கொண்டுவாருங்கள். 1500-இல் பேரரசை 6 வட்டங்களாகப் பிரித்தார்கள், ஆட்சி மன்றத்துக்கு ஆள் அனுப்ப. 1512-இல் அவை 10 ஆயின. பிற்காலத்தில் அந்த வட்டங்களே வரி, நாணயம், தீர்ப்பை நிறைவேற்றுவது என்று பல வேலைகளைச் செய்தன. என் கதையில் அவற்றை 1495-க்கே இழுத்து, பொதுக்காசு வசூலை அவற்றிடம் கொடுத்திருக்கிறேன். அந்தக் காலத்து மனிதர்களுக்கே தோன்றிய யோசனை என்பதால் வாசகர் சண்டைக்கு வரமாட்டார். எங்கள் பந்தலும் அடுத்த ஆண்டு அப்படித்தான் பிழைத்தது; மாடிக்கு ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு கதவைத் தட்டினார்.

ஆனால் மாற்றத்துக்கு விலை வையுங்கள். இங்கேதான் பலர் சோம்பல்படுகிறார்கள். எங்களுக்குப் பணம் வந்தது, கூடவே மூன்றாவது மாடிக்காரர்கள் பந்தல் முகப்பில் தங்கள் பெயர் தனியாக வர வேண்டும் என்றார்கள். வசூல் பெட்டியைக் கையில் வைத்திருக்கும், தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபிய வட்டம் அதை ஏன் பிராங்க்பர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்? தன் வட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு பேரரசை நடத்தலாமே? 1495-இல் காப்பாற்றிய பேரரசு 1520-க்குள் பத்தாக உடையும் அபாயம் என் கையெழுத்துப் பிரதியில் இப்போது நிற்கிறது. உண்மையான பேரரசோ இத்தனை ஓட்டைகளோடும் 1806 வரை தாக்குப்பிடித்தது என்பதை எழுதும்போது மறக்காதீர்கள். திருத்தம் எப்போதும் நன்மையில்தான் முடியும் என்று கட்டாயம் இல்லை.

சில்லறை விஷயங்கள். 1495-இல் ஜெர்மானியச் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கு கிடையாது. என் கதைப் பாதிரியார் அதை வயிறாரச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்தபடி படித்துப் பார்த்த தோழி, "அக்கா, கொலம்பஸ் திரும்பி வந்தே இரண்டு வருடம்தானே ஆகிறது?" என்று கேட்டுச் சிரித்தாள். கஞ்சியாக மாற்றினேன். கிழமையைக் கைப்பேசி நாள்காட்டியில் பார்க்காதீர்கள். இப்போதுள்ள நாள்காட்டி 1582-இல் வந்தது, அதற்கு முந்தைய நாட்களில் கணக்கு உதைக்கும். மாக்ஸிமிலியானை 1508-க்கு முன் பேரரசர் என்று எழுதாதீர்கள், அதுவரை அவர் மன்னர். வாளேந்திய வீரர், முரசு, 'வாழ்க வாழ்க' எல்லாம் வேண்டாம். அது சோழர் நாடக மேடை, வோர்ம்ஸ் அன்று.

முதல் காட்சியைப் பேரவையில் வைக்கவேண்டாம் என்றும் சொல்வேன். நான் ஸ்வாபியாவில் ஒரு சிற்றூரில் வைத்திருக்கிறேன். கோயில் வாசலில் மேசை, மேசைக்குப் பின்னால் பாதிரியாருக்குப் பதிலாக வட்டத்து எழுத்தர், பக்கத்தில் பூட்டிய பெட்டி. 24 பேர் சேர்ந்தால் 1 குல்டன். 23 பேர் வந்து நிற்கிறார்கள். மீதமுள்ள ஒருவர் யார், ஏன் வரவில்லை என்று எழுத்தர் எழுந்து நடக்கிறார். எந்த வீட்டுக் கதவைத் தட்டப்போகிறார் என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.