கடன் மேலாண்மைத் திட்டத்தில் சேரும்போது வீட்டுக்கடனையும் குடும்ப வரவு செலவையும் காத்துக்கொள்வது எப்படி?

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வசிக்கும் ஒரு குடும்பத்தில் கடனட்டை, தனிநபர் கடன், ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்த பணம்) ஆகியவற்றின் மாதக் கட்டணங்கள் சம்பளத்துக்கு அடங்காமல் போகும்போது, கடன் ஆலோசகர்கள் முன்வைக்கும் வழிகளில் ஒன்று டி.எம்.பி. எனப்படும் கடன் மேலாண்மைத் திட்டம். வீட்டின் அத்தியாவசியச் செலவுகள் போக மிஞ்சுகிற தொகையை மாதந்தோறும் ஒரே இடத்தில் செலுத்தினால், அந்த நிறுவனம் அதைக் கடன் கொடுத்தவர்கள் அனைவருக்கும் பங்கிட்டு அனுப்பும். இது நீதிமன்றத்தின் ஆணையல்ல, வெறும் இணக்க ஏற்பாடு. ஆகையால் வட்டியை நிறுத்திவைக்க வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. பெரும்பாலும் நிறுத்துகிறார்கள் என்றாலும் அதை உறுதியென்று எண்ணித் திட்டமிடக் கூடாது.

மோர்ட்கேஜ் என்று நாம் வழங்கும் வீட்டுக்கடன் இந்தத் திட்டத்துக்குள் வராது. வீட்டின் பேரில் எடுத்த இரண்டாவது அடமானக் கடனும் வராது. அவை ஈடு வைத்து வாங்கிய கடன்கள் என்பதால், உள்ளாட்சிக்குச் செலுத்தும் கவுன்சில் வரி, எரிவாயு, மின்சாரக் கட்டணங்களைப் போலவே முதலில் முழுமையாகக் கட்டப்பட வேண்டியவை. இதைக் கேட்டவுடன் பலர், அப்படியானால் வீட்டுக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் கடன் வரலாறு, கூட்டு வங்கிக் கணக்கு, மாத பட்ஜெட் ஆகியவற்றின் வழியாக இந்தத் திட்டம் வீட்டுக்கடனையும், கையெழுத்தே போடாத வாழ்க்கைத் துணையையும் வந்து தொடுகிறது. அந்த வழிகளைத் திட்டத்தில் சேருவதற்கு முன்பே சீர்செய்துகொள்ள முடியும் என்பதால்தான் வேலைகளின் வரிசையை இங்கே வலியுறுத்துகிறேன்.

முதலில் பார்க்க வேண்டிய தேதி

ஆலோசகரை அழைக்கும் முன் உங்கள் மோர்ட்கேஜ் கடிதத்தை எடுத்து, நிலையான வட்டி விகிதம் எந்த மாதம் முடிகிறது என்று பாருங்கள். அது முடிந்த பிறகு வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், கடன் நிறுவனத்தின் வழக்கமான மாறும் வட்டிக்கு நீங்கள் தானாகத் தள்ளப்படுவீர்கள். அது பெரும்பாலும் மிக உயர்ந்த விகிதம். வேறொரு நிறுவனத்துக்கு மோர்ட்கேஜை மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் புதிதாகக் கடன் வரலாற்றையும் வருமானத்தையும் ஆராய்வார்கள், அங்கே டி.எம்.பி. பெரும் தடையாக நிற்கும். அதே நிறுவனத்திலேயே வேறொரு வட்டித் திட்டத்துக்கு மாறுவதில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. 2023 ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் அரசும் முக்கிய வங்கிகளும் ஏற்றுக்கொண்ட மோர்ட்கேஜ் சாசனத்தின்படி, தவணை பாக்கியில்லாத வாடிக்கையாளர், அதில் கையெழுத்திட்ட நிறுவனங்களிடம் மீண்டும் வருமானச் சோதனையின்றிப் புதிய வட்டித் திட்டத்துக்கு மாறலாம். தற்போதைய திட்டம் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே புதியதைப் பதிவுசெய்தும் வைக்கலாம்.

அந்த நிபந்தனையில் உள்ள 'பாக்கியில்லாத' என்பதே உயிர்நாடி. கடனட்டைக்காரர்களின் தொலைபேசி நெருக்கடிக்குப் பயந்து அவர்களுக்குப் பணம் கட்டிவிட்டு மோர்ட்கேஜைப் பின்தள்ளும் குடும்பங்கள், தங்களிடம் உள்ள மிகச் சிறந்த பாதுகாப்பைத் தாங்களே கைவிடுகின்றன. குரலை உயர்த்திக் கேட்பவருக்கு முதலில் கட்டும் பழக்கத்தை அன்றே நிறுத்துங்கள். வீட்டை எடுத்துக்கொள்ளக்கூடியவருக்கு முதலில் கட்டுங்கள். தவணை ஏற்கெனவே தவறியிருந்தால், டி.எம்.பி.க்கு முன்பாகவே மோர்ட்கேஜ் நிறுவனத்துடன் பேசி, அந்தப் பாக்கியை அடைக்கும் மாதத் தொகையை முடிவு செய்து, அதை பட்ஜெட்டின் தலையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

யாருடைய கடன், யாருடைய பெயர்?

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு கடனுக்கும் எதிரே, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யார் என்று எழுதுங்கள். இருவர் சேர்ந்து எடுத்த கடனில் ஆளுக்குப் பாதி என்ற கணக்கே கிடையாது. முழுத் தொகைக்கும் இருவருமே தனித்தனியாகப் பொறுப்பு. எனவே கணவர் மட்டும் டி.எம்.பி.யில் சேர்ந்து கூட்டுக்கடனுக்குக் குறைத்துக் கட்டத் தொடங்கினால், மீதிக்காக நிறுவனம் மனைவியைக் கேட்கலாம், அவருடைய கடன் வரலாற்றிலும் அந்தக் குறைவு பதிவாகும். கூட்டுக்கடன்கள் கணிசமாக இருந்தால் இருவரும் சேர்ந்து ஒரே திட்டத்தில் இணைவதே பொருத்தம். கடனட்டை மட்டும் இதற்கு மாறானது: கூடுதல் அட்டை வைத்திருப்பவர் எவ்வளவு செலவழித்திருந்தாலும், கடனுக்குப் பொறுப்பு முதன்மை அட்டைதாரர் மட்டுமே.

துணைக்குத் தெரியாமல் இந்தத் திட்டத்தை நடத்திவிடலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. தனிப்பெயரில் உள்ள கடன்களுக்கு அது சட்டப்படி முடியும். ஆனாலும் அது குடும்பத்துக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். ஒரே வீட்டுக்கடனில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவருடைய நிலை மாறும்போது, அடுத்த வட்டித் திட்டம், அடுத்த வீடு, பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவு எல்லாவற்றையும் மற்றவர் தவறான கணக்கின் மேல் தீர்மானித்துக்கொண்டிருப்பார்.

ஒரே முகவரியில் வாழ்வதாலோ திருமணத்தாலோ இருவருடைய கடன் வரலாறுகளும் இணைவதில்லை. கூட்டு வங்கிக் கணக்கு, கூட்டு மோர்ட்கேஜ், கூட்டுக்கடன் போன்றவைதான், கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் 'நிதித் தொடர்பு' என்ற இணைப்பை உண்டாக்குகின்றன. அந்த இணைப்பு இருக்கும்வரை, மனைவி தன் பெயரில் கடன் கேட்டாலும் கணவரின் பதிவுகளை நிறுவனம் பார்க்கலாம். தங்கையோடும் தம்பியோடும் சேர்ந்து வீடு வாங்கியவர்களும், பெற்றோரின் மோர்ட்கேஜில் பெயர் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளும் நம் மக்களிடையே நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிந்து வாழ்பவர்கள், கூட்டுக் கணக்குகளையும் கடன்களையும் முடித்த பிறகு, இந்த இணைப்பை நீக்கும்படி மூன்று நிறுவனங்களிடமும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தானாக நீங்காது.

வங்கிக் கணக்கை மாற்றுவது

கடனும் சம்பளமும் ஒரே வங்கியில் இருந்தால், நிலுவைக்கு ஈடாக உங்கள் கணக்கில் விழும் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை அந்த வங்கிக்கு உண்டு. மோர்ட்கேஜ் தவணைக்கு முந்தைய நாள் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப்பாருங்கள். எனவே டி.எம்.பி. தொடங்குவதற்கு முன், உங்களுக்கு எந்தக் கடனும் இல்லாத வேறொரு வங்கிக் குழுமத்தில் புதிய கணக்கு திறக்க வேண்டும். குழுமம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: லாயிட்ஸ், ஹாலிஃபாக்ஸ், பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஆகிய மூன்றும் ஒரே குழுமம், நாட்வெஸ்டும் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் அவ்வாறே. கடன் வரலாறு கெட்டிருந்தாலும் பெரிய வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் இல்லாத அடிப்படைக் கணக்கு கிடைக்கும். அதற்குச் சம்பளத்தை மாற்றி, மோர்ட்கேஜ், கவுன்சில் வரி, காப்பீடு ஆகியவற்றுக்குக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் டைரக்ட் டெபிட்டுகளையும் மாற்றி, ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு பழைய கணக்கை விடுங்கள். துணையின் சம்பளம் இன்னும் பழைய கூட்டுக் கணக்கில் விழுந்தால், அதையும் அவருடைய தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது.

பட்ஜெட் எழுதும் முறை

ஆலோசனை நிறுவனங்கள் பயன்படுத்தும் பொதுவான நிதி அறிக்கைப் படிவத்தில் வீட்டின் வரவும் செலவும் வரிவரியாகக் கேட்கப்படும். ஒருவர் மட்டும் சேரும்போது, துணையின் சம்பளம் முழுவதும் கடனுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுச் செலவில் அவர் ஏற்கும் பங்கைக் காட்டினால் போதும். நியாயமான பிரிப்பு, வருமான விகிதத்தில் பிரிப்பது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கணவரின் கைக்கு வருவது 2,400 பவுண்டு, மனைவிக்கு 1,600. மோர்ட்கேஜ் 1,150 உட்பட வீட்டுச் செலவு 2,800. அதில் 60 விழுக்காடான 1,680 கணவரின் பங்கு, 1,120 மனைவியின் பங்கு. கணவரிடம் மிஞ்சும் 720 பவுண்டில் போக்குவரத்து, தொலைபேசி, உடை, சிறு சேமிப்பு ஆகியவற்றுக்கு 420 போனால், 300 பவுண்டு டி.எம்.பி.க்கு. அவருடைய கடன் 18,000 என்றால், வட்டி நிறுத்தப்பட்ட நிலையில் 60 மாதங்களில் முடியும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மோர்ட்கேஜின் நிலையான வட்டி முடிந்து, தவணை மாதம் 250 பவுண்டு ஏறுகிறது என்று வையுங்கள். கணவரின் பங்கு 150 கூடுகிறது, எனவே கடனுக்குச் செல்வது 150 ஆகக் குறைகிறது. மீதியிருக்கும் 10,800 பவுண்டை அடைக்க 36 மாதங்களுக்குப் பதிலாக 72 மாதங்கள் வேண்டும். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். வீட்டுத் தவணை கூடினால் டி.எம்.பி. தொகையைக் குறைத்துக்கேட்பதுதான் முறை. பழைய 300 பவுண்டையே வைராக்கியமாகக் கட்டிக்கொண்டு மோர்ட்கேஜில் தவறுவதுதான் ஆபத்து. வருடாந்தர மறுபார்வை வரும்வரை காத்திராமல், புதிய தவணைக் கடிதம் கையில் கிடைத்த அன்றே திட்ட நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

படிவத்தில் நம் வீடுகளுக்கே உரிய இரண்டு செலவுகள் விடுபட்டுப்போவதுண்டு: மாதச் சீட்டும் ஊருக்கு அனுப்பும் பணமும். கூச்சத்தால் இவற்றை மறைத்துவிட்டு, உணவுச் செலவிலிருந்து எடுத்துச் சமாளிப்பவர்கள் சில மாதங்களிலேயே திட்டத்தை முறித்துக்கொள்கிறார்கள். எடுத்த சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டியிருந்தால் அதுவும் கடன்தான். உறவினரிடம் வாங்கிய கைமாற்றும் கடன்தான். ஆலோசகரிடம் அனைத்தையும் சொல்லுங்கள். கடன் கொடுத்தவர்கள் எதை ஏற்பார்கள், எதைக் கேள்வி கேட்பார்கள் என்று அவர் விளக்குவார். அதைக் கேட்ட பிறகு பெற்றோருக்கு அனுப்பும் தொகையைக் குறைப்பதா என்று குடும்பமாக முடிவெடுக்கலாம்.

கடன் பதிவும் வீட்டின் மீதான உரிமையும்

ஒப்பந்தத் தொகையைவிடக் குறைத்துக் கட்டுவதால் கடன் வரலாறு கெடும், அதைத் தவிர்க்க முடியாது. பொதுவாக மூன்று முதல் ஆறு மாத நிலுவை சேரும்போது நிறுவனம் 'டிஃபால்ட்', அதாவது கட்டத் தவறிய கடன், என்று பதிவு செய்யும். அந்தப் பதிவு அதன் தேதியிலிருந்து ஆறு ஆண்டுகளில், கடன் முழுதும் அடையாவிட்டாலும், அழிந்துவிடும். டிஃபால்ட் பதியாமல் வெறும் 'குறைத்துக் கட்டும் ஏற்பாடு' என்று குறித்துவைத்தால், கடன் தீர்ந்த பிறகும் ஆறு ஆண்டுகள் அந்தக் கணக்கு தெரியும். எனவே நீண்ட திட்டத்தில் இருப்பவர்களுக்கு, கடுமையாகத் தோன்றும் டிஃபால்ட் பதிவே முடிவில் நன்மை தரும். பல மாதமாகக் குறைத்துக் கட்டியும் டிஃபால்ட் பதியவில்லையென்றால், ஏன் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

டி.எம்.பி. நடக்கும்போது புதிய மோர்ட்கேஜ் கேட்டால் பெரிய வங்கிகள் பெரும்பாலும் மறுக்கும். இத்தகைய நிலையிலுள்ளவர்களுக்கென்றே கடன் தரும் சிறப்பு நிறுவனங்கள் இருந்தாலும், அவை கூடுதல் முன்பணமும் கூடுதல் வட்டியும் கேட்கும். விண்ணப்பத்தில் டி.எம்.பி. பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். பொய்யான தகவல் தருவது மோசடி.

இணக்க ஏற்பாடு என்பதால், கடன் கொடுத்தவர் ஒருவர் அதை ஏற்காமல் கவுண்டி நீதிமன்றத்தில் தீர்ப்பு பெறவும், அதன்பின் வீட்டின் மீது தன் கடனைப் பதிவு செய்யும் ஆணை கேட்கவும் வழியுண்டு. அப்படி வந்தால் ஈடில்லாத கடன் ஈடுள்ள கடனாகிவிடும். கூட்டு உரிமையுள்ள வீட்டில் கடனாளியின் பங்கு மட்டுமே அதற்கு உட்படும் என்றாலும், வீட்டை விற்கும்போதும் மோர்ட்கேஜை மாற்றும்போதும் அது இடையூறாகும். ஆகவே நீதிமன்ற உறை வந்தால் ஒருநாளும் மேசையில் போட்டுவைக்காதீர்கள். திட்டம் நடப்பதைக் குறிப்பிட்டு, பட்ஜெட்டையும் இணைத்து, குறித்த நாளுக்குள் பதில் அனுப்புங்கள். இதே காரணத்தால்தான், எல்லாக் கடன்களையும் வீட்டின் பேரில் ஒரே கடனாக மாற்றித் தருகிறோம் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்கிறேன். கடன் கொடுத்தவர் நீதிமன்றம் சென்று பெற வேண்டிய ஈட்டை, நீங்களே கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு அது சமம்.

யாரிடம் போவது?

ஸ்டெப்சேஞ்ச் என்ற தொண்டு நிறுவனமும் பேபிளான் நிறுவனமும் டி.எம்.பி.யைக் கட்டணமின்றி நடத்துகின்றன. நேஷனல் டெட்லைனும் சிட்டிசன்ஸ் அட்வைஸும் இலவச ஆலோசனை தருகின்றன. நீங்கள் கட்டும் தொகையில் மாதந்தோறும் கட்டணம் பிடிக்கும் தனியார் நிறுவனத்துக்குச் செல்ல ஒரு காரணமும் இல்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள், மொழிபெயர்ப்பாளர் வசதி உண்டா என்று முதல் அழைப்பிலேயே கேட்கலாம். வீட்டுக் கணக்கைப் பேசப் பிள்ளையை இடையில் நிறுத்துவதைவிட அது மேல். யோசிக்க அவகாசம் தேவைப்பட்டால், 2021 மே 4 முதல் நடைமுறையில் உள்ள 'பிரீதிங் ஸ்பேஸ்' ஏற்பாட்டை ஆலோசகர் மூலம் கேளுங்கள். 60 நாட்களுக்குப் பெரும்பாலான கடன்களின் வட்டியும் வசூல் நடவடிக்கைகளும் நிற்கும். ஆனால் அந்த நாட்களிலும் மோர்ட்கேஜின் நடப்புத் தவணையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு, வட்டியைச் சட்டப்படியே நிறுத்தும் தனியான அரசுத் திட்டம் இருப்பதால், அவர்கள் அங்குள்ள ஆலோசகரிடம் அதைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டும்.

முதல் அழைப்புக்கு முன் மோர்ட்கேஜ் கடிதம், மூன்று மாத வங்கி அறிக்கைகள், இருவரின் சம்பளச் சீட்டுகள், மூன்று நிறுவனங்களிலிருந்தும் இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கைகள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வீட்டுக்கடனில் பெயருள்ள மற்றவரும் அந்த அழைப்பில் உடன் இருக்கட்டும்.