பெரிய மோட்டார்ஹோமுக்கு மட்டக்கட்டையும் ஜாக் பலகையும் வாங்கும் முன்

சமையலறையும் படுக்கையும் உள்ள வீட்டுவண்டிதான் மோட்டார்ஹோம். அது சாய்ந்து நின்றால் முதலில் காட்டிக்கொடுப்பது தோசைக்கல்தான். மாவை எவ்வளவு வட்டமாக இழுத்தாலும் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடித் தேங்கும். அந்தப் பக்கம் முறுகும், இந்தப் பக்கம் வேகாது. தோசை போனால் போகட்டும், இன்னொன்று ஊற்றிக்கொள்ளலாம். அதே சாய்வில் நிற்கும் ஃப்ரிட்ஜை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

எங்கள் மோட்டார்ஹோம் 34 அடி. ஃபோர்டு எஃப்-53 சேசிஸ், பெட்ரோல் எஞ்சின், அடியிலிருந்து தரைக்கு இறங்கி வண்டியைத் தாங்கும் நான்கு ஹைட்ராலிக் ஜாக். ஹூஸ்டனிலிருந்து கிளம்பினால் ஓட்டுவது என் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்ததும் இறங்கி மட்டம் பார்த்து, கட்டை போட்டு, ஜாக் இறக்குவது என் பொறுப்பு. அப்பா கட்டட மேஸ்திரி. அவருடைய பழைய ரசமட்டம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் அதை வைத்துப் பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

பல மோட்டார்ஹோம்களில் இருப்பது கம்ப்ரெசர் இல்லாத ஃப்ரிட்ஜ். அம்மோனியாவும் தண்ணீரும் கலந்த திரவம் சூடேறி, ஆவியாகி, குளிர்ந்து, தன் எடையாலேயே குழாய் வழியாகக் கீழே இறங்கி வரவேண்டும். வண்டி அதிகமாகச் சாய்ந்தால் திரவம் வழியிலேயே தேங்கிவிடும். சூடேறும் இடம் வறண்டு, குழாய்க்குள் படிகம் கட்டி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை எடுக்க வழியில்லை, கூலிங் யூனிட்டையே மாற்றவேண்டும். ஃப்ரிட்ஜைப் பார்த்து நின்றால் அதன் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்பது பல ஃப்ரிட்ஜ்களுக்குச் சொல்லப்படும் எல்லை. கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் கிடையாது. ஆனால் ஸ்லைடு அவுட், அதாவது வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும் பகுதி, சிக்காமல் போய்வரவும், குளித்த தண்ணீர் வடியவும் அவர்களுக்கும் மட்டம் வேண்டும்.

புதிதாக வண்டி வாங்கியவர்கள் பலரும் கட்டையையும் பலகையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மட்டக்கட்டை சக்கரத்துக்கு அடியில் போவது. அதன் வேலை உயரம் கொடுப்பது. ஜாக் பலகை ஜாக்கின் பாதத்துக்கு அடியில் போவது. அதன் வேலை எடையை அகலமாகப் பரப்புவது. உயரத்துக்காக ஜாக்குக்கு அடியில் கட்டைமேல் கட்டையாக அடுக்குவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். அடுக்கு உயர உயர பக்கவாட்டில் நழுவும் வாய்ப்பும் கூடும். உயரம் வேண்டுமென்றால் சக்கரத்தைத்தான் ஏற்றவேண்டும்.

கடைக்குப் போகும் முன் வண்டியை எடை போடுங்கள். லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை நிலையங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும். தண்ணீர், டீசல் அல்லது பெட்ரோல், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தினால் முன் ஆக்சில் எவ்வளவு, பின் ஆக்சில் எவ்வளவு என்று தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள். எங்களுக்கு முன்னால் 7,500 பவுண்டு, பின்னால் 14,000. மொத்தம் 21,500, அதாவது ஏறக்குறைய 9,750 கிலோ. டீசல் எஞ்சின் பின்னால் உள்ள 40 அடி வண்டியென்றால் இதைவிட எவ்வளவோ அதிகம் வரும். பொட்டலத்தின்மேல் போட்டிருக்கும் தாங்குதிறனை உங்கள் சீட்டோடு ஒப்பிடுங்கள். அந்த எண் ஒரு கட்டைக்கா, நான்கு கட்டைக்கும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எங்கள் ஜாக் பாதம் 9 அங்குல விட்டமுள்ள வட்டம், பரப்பு சுமார் 64 சதுர அங்குலம். பின் ஆக்சில் எடையில் பாதி, 7,000 பவுண்டு, ஒரு ஜாக்கில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு. டயர் தரையை அழுத்துவது ஏறக்குறைய அதிலுள்ள காற்றழுத்த அளவுக்குத்தான், அது இந்த 110-ஐவிடக் குறைவு. ஆக டயர் பதியாத தரையிலும் வெறும் ஜாக் பாதம் பதியும். 12 அங்குலச் சதுரப் பலகை போட்டால் அழுத்தம் 49 ஆகிறது. 14 அங்குலம் போட்டால் 36-க்கு இறங்குகிறது. இரண்டு அங்குலம் கூட்டியதற்கே இவ்வளவு வித்தியாசம். அதனால் வைக்க இடம் இருந்தால் 14 வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் பலகை வளைந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. மெல்லிய பலகையின் ஓரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும், எடை மறுபடி நடுவிலேயே இறங்கும். கனம் ஒரு அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

எந்தப் பொருளில் வாங்குவது? நான் மூன்றையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். யுஹெச்எம்டபிள்யூ பாலிஎத்திலீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், காய்கறி நறுக்கும் வெள்ளைப் பலகையின் பெரிய அண்ணன். ஊறாது, உளுக்காது, பிளக்காது. 12 அங்குலச் சதுரம், ஒரு அங்குலக் கனம் என்றால் ஐந்து பவுண்டுதான். வழுக்கும் என்பது மட்டும் குறை, அதனால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். அடுத்தது ஜாக் பாதத்திலேயே மாட்டிவிடும் ரப்பர் பாதம். குனிந்து நிமிர முடியாதவர்களுக்கு அது பெரிய வரம், தார்த்தரையிலும் கான்கிரீட்டிலும் அருமையாக இருக்கும். அதன் பரப்பு ஜாக் பாதத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஈர மண்ணில் அதற்கு அடியிலும் பலகை போடத்தான் வேண்டும். மூன்றாவது பிளைவுட். முக்கால் அங்குலத் தாள் இரண்டை ஒட்டி, திருகு போட்டு, ஓரங்களுக்குப் பெயின்ட் அடித்தால் குறைந்த செலவில் நல்ல பலகை. தனி மரப்பலகையை ஜாக்குக்கு வைக்காதீர்கள். அது நார் ஓடும் திசையிலேயே பிளந்துவிடும். பிளைவுட்டில் ஒவ்வொரு ஏடும் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அப்படிப் பிளக்காது.

பிளப்பதைப் பற்றிச் சொன்னேன். லெகோ மாதிரி ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளை முதல் வருஷம் நாங்களும் வாங்கினோம். சமதரையில் அவை நன்றாகவே உழைத்தன. ஒரு மாலை ஜல்லி பரப்பிய இடத்தில் பின்சக்கரத்துக்கு வைத்தபோது, வண்டி ஏறிய நொடியில் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். கீழ்ப்பக்கம் தேன்கூடு போல அறை அறையாக இருக்கும் கட்டை அது. கூர்மையான ஒரு கல் ஓர் அறைக்குள் ஏறி, மூலையிலிருந்து மூலைவரை விரிசல் விட்டிருந்தது. அன்றிலிருந்து ஜல்லியில் முதலில் பிளைவுட், அதன்மேல்தான் கட்டை.

பின்சக்கரம் இரட்டை டயர் என்பதை மறக்கக்கூடாது. கட்டை இரண்டு டயரையும் முழுசாகத் தாங்கவேண்டும். உள் டயருக்கு மட்டும், அல்லது பாதி டயர் ஓரத்தில் தொங்கும்படி வைத்தால் ஒரே டயர் இரண்டு பேர் பாரத்தைச் சுமக்கும், அதன் பக்கச்சுவர் உள்ளுக்குள்ளேயே சேதமாகும். எங்கள் ஜோடி டயர் அகலம் 20 அங்குலத்தை ஒட்டி வரும். கடையில் 2-க்கு 12 என்று விற்கும் மரப்பலகை உண்மையில் 1.5 அங்குலக் கனம், 11.25 அங்குல அகலம். இரண்டைப் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்தால் ஜோடி டயருக்குச் சரியாக இருக்கும். முன்சக்கரத்துக்கு ஒன்று போதும். அடியில் 38, நடுவில் 28, மேலே 18 அங்குல நீளம் என்று மூன்று பலகையைப் படிக்கட்டு போலத் திருகினால் 4.5 அங்குல ஏற்றம் கிடைக்கும். ஏறும் முனைகளைச் சாய்வாக அறுத்துவிடுங்கள்.

எத்தனை அங்குலம் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. எங்கள் முன்-பின் ஆக்சில் இடைவெளி 228 அங்குலம். அந்த நீளத்தில் ஒரு டிகிரி என்றால் 4 அங்குலம். மூன்று டிகிரி வாட்டம் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும், ஆனால் 12 அங்குலம் தூக்கவேண்டும். அந்த இடத்தில் கட்டையோடு போராடாமல் வண்டியைத் திருப்பி நிறுத்துவேன், இல்லையென்றால் வேறு இடம் கேட்பேன்.

பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஜாக்கால் பின்சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கவே கூடாது. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். எங்கள் வண்டியின் பார்க்கிங் பிரேக் பின்சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் சுழன்றால்கூட, இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு மற்றதை உருளவிடும். ஏர் பிரேக் உள்ள வண்டிகளிலும் பார்க்கிங் பிரேக் பின்சக்கரத்தில்தான். ஜாக் கால்கள் இறங்கி நிற்கும்போதே வண்டி நகர்ந்தால் அந்தக் கால் மடங்கிவிடும். பின்பக்கத்தை உயர்த்த வேண்டுமா, சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றுங்கள்.

வரிசை இதுதான்: கட்டைமேல் மெதுவாக ஏற்றுவது, பார்க்கிங் பிரேக், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, அப்புறம் ஜாக் பலகை, கடைசியாக ஜாக். ஜாக்குகளை ஜோடி ஜோடியாக இறக்குங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் சேசிஸ் முறுக்கிக்கொண்டு முன்கண்ணாடி விரிசல் விடலாம், ஸ்லைடும் சிக்கும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள்.

ஹூஸ்டன் பக்கத்துக் களிமண்ணை இங்கே கம்போ என்பார்கள். மழை பெய்தால் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். போன வசந்தத்தில் ஒரு ராத்திரி மழையில் ஒரு பலகை மண்ணுக்குள் புதைந்துபோய், காலையில் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது. கடப்பாரை வைத்து நெம்பி எடுக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு எல்லாப் பலகையிலும் ஓட்டை போட்டு இரண்டடி நைலான் கயிறு கட்டிவிட்டேன். கையை வண்டிக்கு அடியில் விடாமல் இழுத்து வைக்கலாம், இழுத்து எடுக்கலாம். கோடையில் தார் இளகும்போது கான்கிரீட் இல்லாத இடத்திலெல்லாம் அதே பலகைதான். பலகைகளில் ஆரஞ்சு பெயின்டில் 1, 2, 3, 4 என்று எழுதியிருக்கிறேன். கிளம்பும்போது நான்கையும் பெட்டிக்குள் அடுக்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஜாக் நான்கும் மேலே ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்குக் கை காட்டுவேன்.