சூசென்ஜி ஏரிக்கரைக் கோடை வீடு: மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு

ஜப்பானுக்குப் போகும் நம்மவர்களில் பலர் தோக்கியோவுக்கு வடக்கே உள்ள நிக்கோ நகரில் தோஷோகு ஆலயத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே தோக்கியோ திரும்பிவிடுகிறார்கள். அதற்கு மேலே மலையில் சூசென்ஜி ஏரி இருக்கிறது. அதன் கரையில் இத்தாலியத் தூதருக்காக 1928இல் கட்டிய கோடை வீடு நிற்கிறது. வாவிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த வீட்டின் நோக்கத்தை விளக்கத் தேவையில்லை: தண்ணீரைப் பார்த்து இருப்பதற்கென்றே அதைக் கட்டியிருக்கிறார்கள். ஆலயத்தையும் இதையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இரண்டுமே அரைகுறையாகும். இதற்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள்.

முதலில் காலத்தைப் பாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வீடு மூடியிருக்கும். மற்ற மாதங்களிலும் வாராந்த விடுமுறை வரலாம். மூடும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். பயணத் திகதியை முடிவுசெய்ய முன் இதைச் சரிபாருங்கள். ஏரி 1,269 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை உயரந்தானே என்று நினைத்து மெல்லிய உடுப்போடு போகவேண்டாம். வடக்கே வெகு தூரம் என்பதால் ஏப்ரலிலும் ஒக்டோபர் கடைசியிலும் குளிர் கடுமையாக இருக்கும். இலை நிறம் மாறும் ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு அழகு கூடும், நெரிசலும் கூடும். ஏரிக்கு ஏறும் இரோஹாசாக்கா வீதியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்குமாக 48 வளைவுகள். அந்தக் கிழமைகளில் வாகனங்கள் அதில் மணிக்கணக்காகத் தேங்கிவிடும். எங்களைக் கேட்டால் ஜூன் அல்லது செப்டெம்பர் என்போம். குடை அவசியம்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். அதற்காகக் கொழும்பு போய்வரும் நாட்களையும் கணக்கில் சேருங்கள். கட்டுநாயக்காவிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் உண்டு. தோக்கியோ அசகுசாவிலிருந்து தோபு விரைவு ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தோபு-நிக்கோ நிலையத்தில் இறக்கிவிடும். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களுக்கான ஜேஆர் பாஸ் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறு விடுகிறார்கள். அசகுசாவிலிருந்து போகும் ரயில் தோபு கம்பனியினது, அதில் அந்தப் பாஸ் செல்லாது. அவர்கள் ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் உத்சுனோமியா நகருக்குப் போய், அங்கே நிக்கோ பாதை ரயிலுக்கு மாறவேண்டும். நிக்கோவிலிருந்து பஸ்ஸில் ஏரிக்கரையிலுள்ள சூசென்ஜி ஒன்சென் நிலையத்துக்கு ஏறக்குறைய 50 நிமிடம். வளைவுகளில் வயிற்றைப் புரட்டுபவர்கள் முன் ஆசனத்தில் இருங்கள், ஏறமுன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். இறங்கியபின் ஏரியை ஒட்டி அரை மணி நேரத்துக்கு மேல் நடை. பாதை சுலபமானது.

வீட்டை வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். பொஹீமியாவில் பிறந்தவர். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லொயிட் ரைட்டோடு தோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக 1919இல் ஜப்பானுக்கு வந்தார். 1997 வரை தூதர்கள் பயன்படுத்திய வீட்டைத் தொச்சிகி மாகாணம் பொறுப்பெடுத்துத் திருத்தி, 2000இல் பொதுமக்களுக்குத் திறந்தது.

உடனே உள்ளே போகாதீர்கள். வெளிச்சுவரைக் கிட்ட நின்று பாருங்கள். ஜப்பானிய சீடர் மரத்தின் பட்டையும் பலகையும் மாறிமாறிச் சதுரக் கட்டங்களாக வருகின்றன. மேலே மெல்லிய சட்டங்கள் அவற்றை அழுத்திப் பிடிக்கின்றன. கையால் தடவவேண்டாம், பட்டை உரியும்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும். நல்ல காலுறை போட்டுக்கொண்டு போங்கள். கீழ்த்தளத்தில் அண்ணாந்து பாருங்கள். முகட்டுத்தட்டு முழுக்க அதே பட்டைதான், ஆனால் பகுதிக்குப் பகுதி கோலம் மாறுகிறது. பன்பாய் பின்னுகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சாய்வாகக் குறுக்கும் மறுக்கும் ஓடும் பின்னல் உடனே பிடிபடும். வெளிச்சத்திலிருந்து வந்தவுடன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சில நிமிடம் இருந்து பாருங்கள். கமராவும் ஏரியின் வெளிச்சத்தை அளந்துகொண்டு முகட்டைக் கறுப்பாக்கிவிடும். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தால் கோலம் விழும்.

கோலங்கள் மாறுவதில் ஒரு காரணம் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. உணவு உண்ணும் இடம், இருக்கும் இடம், வாசிக்கும் இடம் மூன்றும் ஒரே நீள அறையில் இருக்கின்றன, இடையில் சுவரில்லை. சுவர் செய்யவேண்டிய வேலையை முகட்டுக் கோலம் செய்கிறது. இந்தத் திறந்த அமைப்பு நவீன கட்டடக்கலையின் சிந்தனை, பட்டை வேலை உள்ளூர்க் கைவினை. ஒன்று மற்றதுக்கு அலங்காரமாக ஒட்டிக்கொண்டு நிற்காததுதான் இந்த வீட்டின் பெருமை. ஏரிப் பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவுகள், அவற்றை ஒட்டி நீண்ட விறாந்தை. அங்கே கதிரைகளில் இருக்கலாம், அவசரப்படாதீர்கள்.

தமிழ் மண்ணிலும் ரேமண்டின் வேலை உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி அவர் வடிவமைத்ததுதான். அங்கே வெக்கைக்காகக் கண்ணாடியை விட்டு, காற்று வர அசைத்துத் திருப்பக்கூடிய பலகைகளைச் சுவராக்கினார். இரண்டையும் பார்த்தவர்களுக்கு அவர் காலநிலையை எவ்வளவு கூர்ந்து படித்தார் என்பது தெரியும்.

சற்று நடந்தால் பிரித்தானியத் தூதரகக் கோடை வீடு. பிரித்தானிய இராஜதந்திரி ஏர்னஸ்ட் சேட்டோ 1896இல் கட்டியது, 2016இல் திறந்தார்கள். மேல்மாடியில் தேநீர் கிடைக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் நிக்கோவின் சோயாப்பால் ஆடையான யுபாவை நம்பி இறங்கவேண்டாம். குழம்பில் பெரும்பாலும் உலர்மீன் சாறு இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கையில் ஏதாவது கொண்டு போங்கள்.

திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்து வையுங்கள். காத்திருக்க நேரமிருந்தால் பஸ் நிலையத்துக்கு அருகிலேயே 97 மீற்றர் உயரக் கெகோன் அருவி இருக்கிறது.