கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன்: கிளட்ச், கியர் கோளாறில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியர் விழ மாட்டேன் என்கிறதா? உடனே "கியர்பாக்ஸ் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மெக்கானிக்கிடமும் அதையே சொல்கிறோம். தொந்தரவு என்ன என்று சொல்லாமல், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று நாமே சொல்லிவிட்டால், அவர் அதைத்தான் மாற்றுவார். பழுது அங்கேயே இருக்கும், பில் மட்டும் வந்துவிடும்.

வீட்டு வாசலிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நின்ற வண்டியில் சில நேரம் பற்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கியர் அடம்பிடிக்கும். கிளட்சை விட்டு மறுபடி மிதித்தால் விழுந்துவிடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்புறம் இன்ஜினை ஓட விட்டு அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்த கியர், இன்ஜின் ஓடும்போது முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை, அதாவது மிதித்தும் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸை அது விலக்கவில்லை என்று பொருள். அநேகமாக கியர்பாக்ஸ் நிரபராதி. இரண்டு நிலையிலும் இறுக்கமாக இருந்தால், கியர் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளையும் அதன் இணைப்புகளில் உள்ள சின்ன உறைகளான புஷ்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷுக்காக கியர்பாக்ஸையே பிரித்த கதைகள் உண்டு.

ரிவர்ஸ் போடும்போது வரும் 'கர்ர்' சத்தம் தனி. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு சின்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது. கிளட்சை மிதித்த கையோடு போட்டால் கரகரக்கத்தான் செய்யும். மிதித்துவிட்டு நான்கைந்து நொடி பொறுத்துப் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் பழுது ஒன்றுமில்லை, நம் அவசரம்தான். அவ்வளவு பொறுத்தும் கரகரத்தால், கிளட்ச் மிதித்திருந்தும் உள்ளே தண்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறுபடியும் கிளட்ச் பிரியாத கேஸ்தான்.

இரண்டாவது கியர் மட்டும் கரகரக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக விழுகிறது என்றால் கதை வேறு. அந்த கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். எனவே "கியர் ஹார்டா இருக்கு" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். எந்த கியர், வண்டி சூடான பிறகா, குளிர்ந்திருக்கும்போதா, ஏற்றும்போதா, இறக்கும்போதா என்று பிரித்துச் சொன்னால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

கியர் ஆயிலை நம்மில் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஊற்றும்போதும் '75டபிள்யூ-90' என்ற அடர்த்தி எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது, ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற தர வகையையும் பார்க்க வேண்டும். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகம் கலந்த சேர்மானங்கள் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். "ஜிஎல்-5 இன்னும் உசத்தி சார்" என்று கடைக்காரர் சொல்வார். உசத்தியோ இல்லையோ, கார் கையேட்டில் போட்டிருப்பதுதான் உங்களுக்குச் சரி.

கிளட்ச் நழுவுவதையும் பிக்கப் குறைவதையும் குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. ஏர் ஃபில்டர் அடைத்தாலும் டர்போ குழாய் விரிசல் விட்டாலும் வண்டி இழுக்காது. ஆனால் அப்போது ஆர்பிஎம்மும் மெதுவாகத்தான் ஏறும். ஆளில்லாத சமதளச் சாலையில் டாப் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் குபீரென்று எகிறி, வேகம் மட்டும் அப்படியே நின்றால் நழுவுவது கிளட்ச்தான். ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் சோதித்தால் மிச்சமிருக்கும் கிளட்ச் பிளேட்டும் கருகும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில், முன்னால் லாரி ஊர்ந்துகொண்டிருக்க, ஹாஃப் கிளட்சிலேயே (பெடலைப் பாதி மிதித்தபடியே) ஏறினால் கருகல் வாசனை வரும். அதற்காக ஊர் திரும்பியதும் கிளட்ச் செட் மாற்ற வேண்டியதில்லை. ஆறவிட்டு, மறுநாள் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். நழுவவில்லை என்றால் ஓட்டிக்கொண்டே இருக்கலாம்.

மாருதி 800 போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் பெடலின் ஃப்ரீ ப்ளேயை (மிதிக்கத் தொடங்கும்போது இருக்கும் வெற்றுத் தளர்வை) பார்க்காமல் பிளேட்டின் மேல் பழி போடக் கூடாது. பிளேட் தேயத் தேய அந்தத் தளர்வு குறையும். முழுக்கப் போய்விட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் நழுவும். கேபிள் நீண்டு தளர்வு கூடிவிட்டாலோ கிளட்ச் பிரியாது. இரண்டுக்குமே முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைத்தான்.

கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலே சேதி சொல்லும். பஞ்சு மாதிரி அமுங்குகிறது, இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் கியர் விழுகிறது என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால், கசிவது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர். அங்கே காய்ந்திருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைப் பாருங்கள். சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டரே கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருப்பதால் கசிவு சட்டென்று கண்ணில் படாது. எப்படியானாலும் பிரேக் ஆயிலை டாப்-அப் செய்துவிட்டு மறந்துவிடுவது ஆபத்து. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அவசரத்துக்குக் கூட அதில் இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதிப்போய் பிரேக்கும் சேர்ந்து கெடும்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வண்டி நகரவே வேண்டாம். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். ஓடும்போது மட்டும், எந்த கியரிலும் வேகத்தோடு ஏறி இறங்கி, வளைவில் மாறும் ஊளைச் சத்தத்தை கியர்பாக்ஸ் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் அது வீல் பேரிங்.

கடைசியில் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டதா? சரி, அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். பல வண்டிகளில் கூலிதான் பெரிய செலவு. அதே கூலியில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடலாம். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பிளேட்டை வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். ரிவெட் தலைகள் வரை தேய்ந்திருந்தால் அது தன் ஆயுளை முடித்துக்கொண்டது. லைனிங் (பிளேட்டின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) தடிமனாக இருந்து எண்ணெய்ப் பசை ஒட்டினால், கசியும் ஆயில் சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டைப் போட விடாதீர்கள். தடிமனாகவும் காய்ந்தும் இருந்தால், அப்படியானால் ஏன் நழுவியது என்று கியர்பாக்ஸை மறுபடி ஏற்றும் முன்பே கேளுங்கள்.